சொன்னதற்குச் சாட்சி

அச்சில் வந்ததைப் பற்றி எழுதுகிறவனுக்கு ஒரு கட்டு உண்டு. ஒரு நாவலில் இன்ன இடத்தில் இன்னது இருக்கிறது என்று நான் எழுதினால், சந்தேகப்படுகிற வாசகன் அந்தப் பக்கத்தைப் புரட்டிப் பார்த்துவிடலாம். இல்லாததை இருப்பதாக எழுதியிருந்தால் அடுத்த இதழிலேயே எனக்கு உதை விழும். விமர்சனத்தின் நாணயம் என்று ஒன்று இருக்குமானால் அது விமர்சகனின் மன உயர்வில் இல்லை. வாசகன் கையில் இன்னொரு பிரதி இருக்கிறது என்பதில் இருக்கிறது. நாவலை எழுதினவனுக்கும் இதே கட்டுதான். பத்து வருஷம் கழித்து அவன் தன் எழுத்தைக் கைவிடலாம், வெட்கப்படலாம், மறுபதிப்பில் திருத்தலாம். முதல் பதிப்பை வாங்கினவன் வீட்டுக்குப் போய் அதைப் பிடுங்கிக்கொண்டு வர முடியாது.

டெலிவிஷனுக்கு இந்தக் கட்டு வெகுகாலம் இருக்கவில்லை. ஒரே மாலையில் கோடிக் கணக்கானவர்களிடம் ஒன்றைச் சொல்லிவிட்டு, மறுநாள் 'அப்படிச் சொல்லவில்லை' என்று சாதித்தால், கேட்டவன் கையில் அவனுடைய ஞாபகத்தைத் தவிர ஒன்றும் இருக்காது. ஞாபகம் எவ்வளவு மோசமான சாட்சி என்பது கோர்ட்டுக்குப் போய்வந்தவர்களுக்குத் தெரியும்.

சினிமா, ஒலிபரப்பு, ஒளிபரப்பு இவற்றின் பதிவுகளைச் சேர்த்துவைத்துப் பல்கலைக் கழகங்களுக்குப் பாடம் நடத்தவும் ஆராய்ச்சி செய்யவும் கொடுக்கிற ஸ்தாபனங்களைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் அதை ஒரு நூலக வசதிப் பிரச்னையாகவே பேசுகிறார்கள். எத்தனை மணி நேரம் சேர்ந்திருக்கிறது, அட்டவணை எப்படி, கட்டணம் எவ்வளவு என்பதோடு பேச்சு முடிந்துவிடுகிறது. எனக்கு இது அடிப்படையில் தார்மிகப் பிரச்னையாகப் படுகிறது. ஊருக்கே சொன்ன ஒன்று சொன்னவனுக்குச் சொந்தமா? சொந்தமென்றால், அழித்துவிடவும், பூட்டிவைக்கவும், கேட்டவனுக்கே மறுபடி கேட்கக் கிடைக்காமல் செய்யவும் அவனுக்கு உரிமை உண்டா? இதை ஆகாயத்தில் வைத்து விவாதிக்க வேண்டியதில்லை. அமெரிக்காவில் ஒரு வழக்கே நடந்திருக்கிறது.

பால் ஸிம்ப்ஸன் என்பவர் டென்னஸி மாநிலத்தில் நாஷ்வில் நகரத்து இன்ஷ்யூரன்ஸ்காரர். அங்கிருக்கும் வாண்டர்பில்ட் பல்கலைக் கழகத்தில் படித்தவர் என்பதைத் தவிர அவருக்கும் ஆராய்ச்சிக்கும் சம்பந்தம் கிடையாது. வலதுசாரிச் சாய்வு உள்ளவர். நியூயார்க்கில் உட்கார்ந்துகொண்டு மூன்று டெலிவிஷன் கம்பெனிகள் தேசத்தின் மனசைத் தங்கள் இஷ்டத்துக்கு வளைக்கின்றன என்ற சந்தேகம் அவரை அரித்துக்கொண்டிருந்தது. 1968 மார்ச்சில் நியூயார்க் போனபோது அந்தக் கம்பெனிகளுக்கே போய், பழைய மாலைச் செய்தி ஒளிபரப்புகளைப் பார்க்க முடியுமா என்று கேட்டிருக்கிறார். சுமார் இரண்டு வாரம் வைத்திருந்துவிட்டு அழித்துவிடுவோம், டேப் விலை அதிகம் என்று பதில் வந்தது. நூறு, இருநூறு வருஷத்துப் பத்திரிகைகள் நூலகங்களில் கிடைக்கிற நாட்டில், நிறையப் பேர் செய்தி தெரிந்துகொள்கிற முக்கியமான வழிக்கு இரண்டு வார ஆயுள். அவர் அதிர்ந்து போனார் என்பதில் ஆச்சரியமில்லை. மற்றவர்கள் அதுவரை அதிராமல் இருந்ததுதான் ஆச்சரியம்.

ஊருக்குத் திரும்பிப் பல்கலைக் கழகத்தைப் பிடித்தார், பணம் திரட்டினார். 1968 ஆகஸ்ட் 5, மயாமி பீச்சில் ரிபப்ளிகன் கட்சி மாநாடு தொடங்கிய நாள், பதிவு ஆரம்பமாயிற்று. நவம்பர் தேர்தல் வரைக்கும் ஒரு பரீட்சார்த்தம் என்றுதான் ஏற்பாடு. அந்த மாதக் கடைசியில் சிகாகோ டெமாக்ரடிக் மாநாட்டுக்கு வெளியே போலீஸ் தடி சுழன்றதும் பதிவில் வந்தது. தேர்தல் முடிந்தது, பதிவு நிற்கவில்லை. ஏ.பி.ஸி., ஸி.பி.எஸ்., என்.பி.ஸி. மூன்றின் மாலைச் செய்திகளையும் தினம் தினம் பிடித்து, ஒவ்வொரு செய்திக்கும் இரண்டு மூன்று வரிச் சுருக்கம் எழுதி, அட்டவணை அச்சடித்து, கேட்கிறவர்களுக்குக் கட்டணத்துக்கு இரவல் அனுப்பினார்கள். படத்தின் மேல் ஓரத்தில் கம்பெனியின் பெயர், தேதி, நேரம் மூன்றும் தெரியும்படி பதித்திருந்தார்கள். இந்தச் சின்ன விஷயத்துக்குப் பிறகு வருகிறேன்.

1973 டிசம்பரில் ஸி.பி.எஸ். வழக்குப் போட்டது. எங்கள் சரக்கை எங்களைக் கேட்காமல் நகல் எடுத்து வாடகைக்கு விடுகிறார்கள் என்பது வழக்கின் சட்டப் பக்கம். இதைச் சுலபமாகப் புறந்தள்ளிவிடலாம் என்று தோன்றும். தாங்களே அழித்துக்கொண்டிருந்த பொருளை இன்னொருவன் குப்பையிலிருந்து எடுத்துப் பத்திரப்படுத்தினால் திருட்டு என்கிறார்களே என்று. (வழக்குப் போட்டதற்கு அடுத்த வருஷமே ஸி.பி.எஸ். தன் செய்திகளை வாஷிங்டன் தேசிய ஆவணக் காப்பகத்தில் சேர்க்க ஒப்பந்தம் செய்துகொண்டது. வழக்கு இல்லாவிட்டால் அது நடந்திருக்குமா என்பது என் சந்தேகம்.) ஆனால் அவர்கள் தரப்பில் இன்னொரு ஆட்சேபமும் இருந்தது. வாண்டர்பில்டில், கேட்கிறவர்களுக்கு விஷயவாரியாகத் தொகுத்தும் கொடுத்தார்கள். ஒரு பேராசிரியர் வியட்நாம் பற்றியவை மட்டும் வேண்டுமென்றால், பத்து நாள் செய்தியிலிருந்து பத்துத் துண்டுகளை எடுத்து ஒரே டேப்பில் சேர்த்து அனுப்புவார்கள். நாங்கள் அரைமணி நேரமாக யோசித்து அடுக்கியதை வெட்டி ஒட்டினால் நாங்கள் சொல்லாத ஒன்றைச் சொன்னதாக ஆகிவிடும் என்றது ஸி.பி.எஸ்.

விமர்சனம் எழுதுகிறவன் இதைக் கேட்டவுடன் சிரிப்பான். மேற்கோள் என்றாலே வெட்டுவதுதானே. எந்த நாவலாசிரியனும், 'என் நாவலை முழுசாகத்தான் மேற்கோள் காட்ட வேண்டும்' என்று சொல்ல முடியாது. மேற்கோளைத் தடுத்தால் விமர்சனத்தையே தடுத்ததாகும். வெட்டினவன் தப்பாக வெட்டியிருக்கிறானா என்று பார்க்க முழுப்பிரதி இருக்கிறது. டெலிவிஷனுக்கு அந்த முழுப்பிரதியே இல்லாமல் இருந்தது. அதை உண்டாக்கியதும் வாண்டர்பில்ட்காரர்கள்தான்.

ஆனாலும் சிரித்துவிட்டுப் போக முடியவில்லை. எழுத்தில் மேற்கோளுக்கு ஒரு குறி இருக்கிறது. இங்கே ஆரம்பம், இங்கே முடிவு, நடுவில் மூன்று புள்ளி என்றால் சிலது விட்டிருக்கிறது என்று வாசகனுக்குத் தெரியும். பிம்பத்துக்கு அப்படிக் குறி கிடையாது. இரண்டு துண்டுகளை ஒட்டினால் ஒட்டு தெரியாது. சினிமாவின் முழுவித்தையும் ஒட்டைத் தெரியாமல் செய்வதில்தானே இருக்கிறது. முகம், அடுத்து ஒரு பிணம், மறுபடி அதே முகம் என்றால் அந்த முகத்தில் நாம் துக்கத்தைப் பார்த்துவிடுகிறோம். படத்தின் மேல் ஓரத்தில் பதித்த அந்தத் தேதியும் நேரமும் இங்கேதான் வருகின்றன. துண்டு மாறுகிற இடத்தில் தேதி தாவும். பார்க்கிறவனுக்கு இது ஒட்டு, நடுவில் என்னமோ விட்டிருக்கிறது என்று தெரிந்துவிடும். மேற்கோள் குறிக்குச் சமமான ஒன்றை, அநேகமாக அப்படி நினைக்காமலே, அவர்கள் கண்டுபிடித்துவிட்டார்கள். எந்த அழகியல்வாதிக்கும் இது தோன்றியிருக்காது. பிம்பத்தைக் கெடுக்கிறது என்று சொல்லியிருப்பான்.

வழக்கு தீர்ப்புக்குப் போகவில்லை. புதிய காபிரைட் சட்டம் அப்போது காங்கிரஸில் இருந்தது. டென்னஸி ஸெனட்டர் ஹோவர்டு பேக்கர் முயற்சியில் 1976ஆம் வருஷச் சட்டத்தில் 108ஆவது பிரிவில் ஒரு விலக்குச் சேர்ந்தது. செய்தி ஒளிபரப்புகளை நூலகங்களும் காப்பகங்களும் குறைந்த அளவில் நகல் எடுக்கலாம், இரவல் கொடுக்கலாம். முழுசாக மட்டுமன்றித் துண்டுகளாகவும் கொடுக்கலாம். டிசம்பரில் ஸி.பி.எஸ். வழக்கை விட்டது. நாடகத்துக்கும், சினிமாவுக்கும், டாகுமெண்டரிக்கும் இந்தச் சலுகை இல்லை. இது சரியான கோடு என்றே நினைக்கிறேன். ஒரு நாடகத்தைச் செய்தவன் அதை உலகத்துக்குப் புதிதாகக் கொண்டுவந்தவன். செய்தி சொல்கிறவன், உலகத்தில் ஏற்கெனவே நடந்தது இது என்று நம்மிடம் பிரமாணம் செய்கிறவன். பிரமாணம் செய்தவனுக்குத் தன் வாக்குமூலத்தின் மேல் சொத்துரிமை பேச வாயில்லை.

எனக்குத் தொழில் பாங்கில் என்பதால் ஒரு உதாரணம் கைக்கு வருகிறது. கணக்கில் தவறான பதிவு விழுந்துவிட்டால் அதை அழிக்க முடியாது. லெட்ஜர் காலத்தில் ஒற்றைக் கோடாக அடித்து, அடியில் பழைய எண் தெரியும்படி விட்டு, மேலே சரியானதை எழுதி அதிகாரி சுருக்கொப்பம் இடவேண்டும். இப்போது கம்ப்யூட்டரில் ரிவர்ஸல் என்ட்ரி போடவேண்டும். தவறும் நிற்கும், திருத்தமும் நிற்கும். மறதியையும் தவறையும் மன்னிக்கலாம், சுரண்டுவதை மன்னிக்கக்கூடாது என்பது அந்த ஏற்பாட்டின் உள்ளர்த்தம். பிறர் பணத்துக்கு இவ்வளவு என்றால் பிறர் நம்பிக்கைக்கு எவ்வளவு வேண்டும்?

ஸிம்ப்ஸனின் நோக்கத்துக்கு வருகிறேன். அவர் இதைத் தொடங்கினது கல்வி வளர்ச்சிக்காக இல்லை. அவருக்கு ஒரு குற்றச்சாட்டு இருந்தது. அதற்கு ஆதாரம் வேண்டியிருந்தது. நம்மிடையே இருக்கிற முற்போக்கு நண்பர்கள் இந்த இடத்தில் முகம் சுளிப்பார்கள். டெலிவிஷன்தான் வியட்நாம் யுத்தத்தைத் தோற்கடித்தது, தினம் தினம் பிணங்களைக் காட்டி ஜனங்களை யுத்தத்துக்கு எதிராகத் திருப்பியது என்பது அன்றைய வலதுசாரிகளின் புலம்பல். வேடிக்கை என்னவென்றால் இடதுசாரிகளும் இதையே நம்பினார்கள், பெருமையாக. இரண்டு தரப்புக்கும் சாட்சி அவரவர் ஞாபகம்தான்.

1986இல் டேனியல் ஹாலின் என்ற ஆராய்ச்சியாளர் வியட்நாம் யுத்தச் செய்திகளைப் பற்றி 'தி அன்ஸென்ஸர்டு வார்' என்றொரு புத்தகம் வெளியிட்டார். ஞாபகத்தை நம்பாமல், 1965லிருந்து 1973 வரைக்குமான மாலைச் செய்திகளிலிருந்து மாதிரி எடுத்து, ஒவ்வொன்றாகப் பார்த்து எண்ணினார். 1968 ஆகஸ்டுக்குப் பிற்பட்டவற்றை அவருக்குக் கொடுத்தது வாண்டர்பில்ட். அவர் கண்டது இரண்டு தரப்புக்கும் உவப்பானதாக இல்லை. ஆரம்ப வருஷங்களில் டெலிவிஷன் யுத்தத்தோடு நன்றாகவே ஒத்துப் போயிற்று. வாஷிங்டனில் பெரிய மனிதர்கள் தங்களுக்குள் பிளவுபட ஆரம்பித்த பிறகே ஒளிபரப்பிலும் சந்தேகக் குரல் ஏறிற்று. அப்போதும் அது மரியாதைப்பட்ட கருத்து வேற்றுமை என்ற வேலிக்குள்ளேயே நின்றது; தெருவில் இறங்கி எதிர்த்தவர்களைப் பெரும்பாலும் தொந்தரவு கொடுக்கிறவர்களாகவே காட்டியது. ஆக, டெலிவிஷன் தலைமை தாங்கவுமில்லை, சதி செய்யவுமில்லை. மேலே இருப்பவர்களின் முகத்தைப் பார்த்துக்கொண்டே நடந்தது. இது அதைவிட அவமானமான விஷயம் என்று எனக்குத் தோன்றுகிறது.

ஸிம்ப்ஸனின் சந்தேகம் கட்டிய சேமிப்பு, ஸிம்ப்ஸன்கள் நம்பியதற்கு எதிராகவே பேசிற்று. காப்பகம் என்பதன் மொத்த நியாயமும் இதில் இருப்பதாக நினைக்கிறேன். சேர்த்தவனுடைய கட்சியில் அது நிற்பதில்லை. அதனால்தான் சேர்த்தவன் எந்தக் கட்சி என்பது முக்கியமில்லை; அவன் விட்டுவிடாமல் எல்லாவற்றையும் சேர்த்தானா என்பது முக்கியம்.

இதற்கு இன்னொரு சாட்சியும் உண்டு, எதிர்த் துருவத்திலிருந்து. பிலடெல்பியாவில் மேரியன் ஸ்டோக்ஸ் என்று ஒரு கறுப்பினப் பெண்மணி. நூலகத்தில் வேலை பார்த்தவர், சிவில் உரிமைப் போராட்டத்தில் இருந்தவர், கம்யூனிஸ்ட். 1979இல் ஈரானில் அமெரிக்கத் தூதரகத்து ஆட்களைப் பிணையாகப் பிடித்த சமயத்திலிருந்து, வீட்டில் பல வீடியோ ரிக்கார்டர்களை வைத்து இரவு பகலாகச் செய்திகளைப் பதிவு செய்தார். ஓட்டலில் சாப்பிட்டுக்கொண்டிருந்தால்கூட டேப் மாற்றுகிற நேரத்துக்கு எழுந்து வீட்டுக்குப் போய்விடுவாராம். 2012 டிசம்பர் 14இல் சாகும்வரை இது நடந்தது. ஸாண்டி ஹூக் பள்ளிக்கூடத்தில் குழந்தைகளைச் சுட்டுக் கொன்ற செய்தி ஓடிக்கொண்டிருந்த நாள். சுமார் 70,000 டேப்புகள். அவரைக் கிறுக்கு என்று சொன்னவர்கள் உண்டு. குடும்பத்துக்கு அவரால் ஏற்பட்ட சிரமம் கொஞ்சநஞ்சமில்லை. ஸிம்ப்ஸனும் இவரும் ஒரே அறையில் பத்து நிமிஷம் உட்கார்ந்து பேசியிருக்க மாட்டார்கள். இருவரும் செய்தது ஒன்று: சொன்னவன் சொன்னதை மறந்துவிடுவான் என்று சந்தேகப்பட்டார்கள்.

சந்தேகம் சரிதான் என்பதற்கு அட்லாண்டிக்கின் அந்தப் பக்கம் பி.பி.ஸி. இருக்கிறது. பொதுப் பணத்தில் நடக்கிற, நாகரிகத்துக்குப் பேர்போன ஸ்தாபனம். 1970களின் பிற்பாதி வரைக்கும் டேப்புகளை அழித்து அழித்து மறுபடி உபயோகித்துக்கொண்டிருந்தது. 1969இல் மனிதன் சந்திரனில் இறங்கிய இரவு பி.பி.ஸி. தன் ஸ்டூடியோவிலிருந்து நடத்திய ஒளிபரப்பே பெரும்பாலும் இன்று இல்லை. 'டாக்டர் ஹூ' என்ற தொடரில் 90க்கு மேற்பட்ட பகுதிகளின் படம் போய்விட்டது. ஆனால் அவை ஒவ்வொன்றின் ஒலியும் இருக்கிறது. அன்றைக்குச் சில பையன்கள் டெலிவிஷன் பெட்டிக்கு முன்னால் டேப் ரிக்கார்டரை வைத்துப் பிடித்துக்கொண்டதால். நமக்கு இந்த நிலை பழகினதுதான். 1931இன் 'காளிதாஸ்' படத்தில் ஒரு பிரதிகூட இல்லை. நம் ஆரம்பகாலப் படங்களில் பலவற்றைப் பற்றிப் பாட்டுப் புத்தகத்தையும் பத்திரிகை விளம்பரத்தையும் வைத்துக்கொண்டுதான் சரித்திரம் எழுதுகிறோம். அங்கே படமில்லாத ஒலி. இங்கே ஒலியுமில்லாத சொல்.

இதுவரை நான் சொன்னதில் எனக்கே பெரிய சிரமம் இருக்கவில்லை. சொன்னவனுக்கும் கேட்டவனுக்கும் இடையிலான வழக்கு. கேட்டவன் பக்கம் நியாயம். சிரமம் இனிமேல்தான்.

1965 ஆகஸ்டில் வியட்நாமில் காம் நே என்ற கிராமத்துக்கு அமெரிக்க மரீன் படையினர் போனார்கள். ஸி.பி.எஸ். நிருபர் மார்லி ஸேஃபர் காமிராவோடு கூடப் போயிருந்தார். சிப்பாய்கள் சிகரெட் லைட்டரால் கூரைகளைக் கொளுத்துவது படத்தில் இருக்கிறது. சுமார் 150 வீடுகள் என்று ஸேஃபர் சொன்னார். கிழவர்களும் பெண்களும் கெஞ்சுகிறார்கள். சிப்பாய்களுக்கு அவர்கள் பாஷை புரியவில்லை. ஒளிபரப்பானதும் ஜனாதிபதி ஜான்ஸன் ஸி.பி.எஸ். தலைவருக்குப் போன் செய்து சீறினார். இது வாண்டர்பில்ட் பதிவு தொடங்குவதற்கு மூன்று வருஷம் முந்தியது, ஸி.பி.எஸ். தானே வைத்திருந்த படம். அன்றிலிருந்து டாகுமெண்டரிகளிலும், பத்திரிகைத் தொழில் படிக்கிற வகுப்புகளிலும், யுத்த சரித்திரம் படிக்கிற வகுப்புகளிலும் அந்தக் கூரைகள் மறுபடி மறுபடி எரிந்துகொண்டிருக்கின்றன.

இப்போது யோசித்துப் பாருங்கள். 1973 வழக்கில் வாதி, சொன்னவன்; பிரதிவாதி, சேர்த்தவன். ஆராய்ச்சியாளனுக்காகவும் மாணவனுக்காகவும் ஸெனட்டர் பேசினார். அந்தக் கூரைக்குக் கீழே வாழ்ந்தவளுக்காக யார் பேசினது? அவள் டெலிவிஷன் நிலையத்துக்குப் போய் ஒன்றும் சொல்லவில்லை. ஊருக்குச் சொன்னவன் பொறுப்பேற்க வேண்டும் என்ற என் வாதம் அவளிடத்தில் செல்லாது. அவள் சொன்னவள் இல்லை, காட்டப்பட்டவள். தன் வாழ்க்கையின் மிக மோசமான பத்து நிமிஷத்தில், தன் வீட்டைக் கொளுத்துகிற சேனையோடு சேர்ந்து வந்த காமிராவால் பிடிக்கப்பட்டவள். அந்தப் பிம்பம் ஒரு கம்பெனியின் சொத்தாகவும், பிறகு ஒரு பல்கலைக் கழகத்தின் பாடப்பொருளாகவும் ஆகிவிட்டது. செமஸ்டருக்கு ஒரு தடவை அவள் அழ வேண்டியிருக்கிறது.

ஆகவே அழித்துவிடலாம் என்று சொல்லத் துணிச்சல் வரவில்லை. அந்தப் படம் இல்லாமல் போனால் முதலில் நிம்மதி அடைகிறவர்கள் லைட்டர் வைத்திருந்தவர்கள். அவள் வீடு எரிந்ததற்கு அவளிடம் வேறு சாட்சி கிடையாது. சாட்சியாக அந்தப் படம் அவளுக்கு வேண்டும். காட்சிப் பொருளாக அதே படம் அவளைச் சிறுமைப்படுத்துகிறது. இரண்டும் ஒரே சுருளில் இருக்கின்றன, பிரிக்க முடியாமல். மனிதாபிமானம் பேசுகிறவர்கள் ஒரு பாதியையும், வரலாறு பேசுகிறவர்கள் மறுபாதியையும் சொல்லிவிட்டுப் போய்விடுகிறார்கள். இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லிப் பார்த்தால்தான் சங்கடம் தெரிகிறது.

நான் யோசித்த வரைக்கும் வித்தியாசம் பார்க்கிற விதத்தில் இருக்கிறது. அந்த மாலை ஒளிபரப்பை முழுசாகப் பார்க்கிறவன், செய்தி வாசிப்பவரின் நிதானமான முகத்தைப் பார்க்கிறான், இந்தச் செய்திக்கு முன்னால் என்ன பின்னால் என்ன என்று பார்க்கிறான், நடுவில் வரும் விளம்பரத்தையும் பார்க்கிறான். அவனுக்கு அது ஒரு தேசம் தன் காரியத்தைத் தனக்கே காட்டிக்கொண்ட நிகழ்ச்சி. விசாரணைக்கு உள்ளாகிறது அந்தத் தேசம், அவள் சாட்சி. அதிலிருந்து இருபது விநாடியைக் கத்தரித்து எடுத்து வகுப்பில் விளக்கை அணைத்துவிட்டுப் போடுகிறபோது சுற்றியிருந்த தேசம் போய்விடுகிறது. எரிகிற கூரையும் அழுகிற முகமும் மிஞ்சுகின்றன. மாணவர்கள் மனம் கலங்கி வெளியே போவார்கள். அந்தக் கலக்கத்துக்கு அவர்கள் ஒன்றும் விலை கொடுக்கவில்லை.

இப்படிச் சொன்னதும் சற்று முன்னால் நான் சிரித்த ஆட்சேபத்துக்கே வந்து சேர்ந்துவிட்டேன் என்பது தெரிகிறது. வெட்டாதே என்றது ஸி.பி.எஸ். தன் கௌரவத்துக்காகச் சொன்னது. அதே வார்த்தையை அவளுக்காகச் சொல்லியிருந்தால் பதில் சொல்ல நான் திணறியிருப்பேன். சட்டம் 'துண்டுகளாகவும்' என்று அனுமதித்தது விமர்சகனுக்கு அவசியம். அதை நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். ஆனால் துண்டு எடுக்கிறவன் ஒவ்வொரு தடவையும், இதில் இருப்பவர் சொன்னவரா காட்டப்பட்டவரா என்று கேட்டுக்கொள்ள வேண்டும். ஜனாதிபதியின் பேச்சை எப்படி வேண்டுமானாலும் வெட்டு, தேதி தெரிந்தால் போதும். அவளுக்கு அது போதாது. எது போதும் என்று என்னால் விதியாகச் சொல்ல முடியவில்லை. கம்பெனிகளும் பல்கலைக் கழகங்களும் இதை விதிமுறைப் புத்தகத்தில் எழுதித் தீர்த்துவிடலாம் என்று நினைப்பது எனக்குப் பிடிக்கவில்லை. பாரம் நிரப்பிக் கையெழுத்து வாங்கினால் மனச்சாட்சியும் நிரம்பிவிட்டதாக ஆகிவிடும்.

யார் பார்க்கலாம் என்பதிலும் ஒரு பித்தலாட்டம் இருக்கிறது. பிரிட்டனில் 1948லேயே பல்கலைக் கழகங்கள் சேர்ந்து சினிமாவுக்காக ஒரு கவுன்சில் அமைத்துக்கொண்டன. 1988 காபிரைட் சட்டத்தின் 35ஆவது பிரிவு, கல்வி நிலையங்கள் ஒளிபரப்புகளைப் பாடத்துக்காகப் பதிவு செய்துகொள்ள வழிசெய்தது, லைசென்ஸ் கிடைக்குமானால் அதை வாங்கிக்கொண்டு. அந்தக் கவுன்சிலின் வழியில் பிற்பாடு வந்த 'பாக்ஸ் ஆஃப் பிராட்காஸ்ட்ஸ்' சேவையில் பத்து லட்சத்துக்கும் மேல் நிகழ்ச்சிகள் சேர்ந்தன. பிரமாதமான காரியம். 2014இல் சட்டத்தைத் தளர்த்தி, வளாகத்துக்கு வெளியே இருந்தும் பார்க்கலாம் என்றார்கள். ஆனால் அந்த நிலையத்து மாணவர்களும் அலுவலர்களும் மட்டும் நுழையக்கூடிய பாதுகாப்பான இணைப்பு வழியாகத்தான். டெலிவிஷன் லைசென்ஸ் கட்டணம் கட்டி அந்த நிகழ்ச்சிக்கே பணம் கொடுத்த லீட்ஸ் நகரத்துப் பஸ் கண்டக்டருக்கு அதில் இடமில்லை. அவன் வீட்டுக்குள் வந்து அவனிடமே சொன்ன விஷயத்தை மறுபடி பார்க்க அவன் எம்.ஏ.வுக்குப் பணம் கட்ட வேண்டும்.

ஆராய்ச்சி என்பது பல்கலைக் கழகத்துக்குள் நடப்பது என்று யார் தீர்மானித்தது? தமிழில் இந்த ஐம்பது அறுபது வருஷமாக உருப்படியான இலக்கிய விமர்சனத்தில் பெரும்பகுதி எங்கே எழுதப்பட்டது என்பது இந்தப் பக்கங்களைப் படிக்கிறவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. தபாலாபீஸிலும், பள்ளிக்கூடத்திலும், பாங்குக் கவுண்டரிலும் வேலை முடிந்து வந்தவர்கள் எழுதினது. ஸிம்ப்ஸன் பேராசிரியர் இல்லை. மேரியன் ஸ்டோக்ஸும் இல்லை. டேப் ரிக்கார்டர் வைத்த பையன்கள் நிச்சயம் இல்லை. சேர்க்கத் தோன்றினது வெளியே நின்றவர்களுக்கு. சேர்ந்த பிறகு கதவு போட்டது உள்ளே இருப்பவர்கள். பூட்டுவது கம்பெனிகளின் நிர்ப்பந்தம் என்று பல்கலைக் கழகத்தார் சொல்வார்கள். இருக்கலாம். தங்களுக்குச் சாவி கிடைத்துவிட்டபின் அவர்கள் அதிகம் குரல் எழுப்பியதாகத் தெரியவில்லை.

கதவைத் திறந்துவிட்டால் காம் நே கிராமத்தவளை இன்னும் பல லட்சம் பேர் பார்ப்பார்களே என்று என்னையே மடக்கலாம். மடங்கத்தான் செய்கிறேன். ஆனால் மாணவன் பார்த்தால் ஆராய்ச்சி, பஸ் கண்டக்டர் பார்த்தால் வேடிக்கை என்பதை ஒப்புக்கொள்ள முடியாது. வேடிக்கை பார்க்கிற மாணவர்கள் எத்தனையோ பேர். தன் மகனை அந்த யுத்தத்துக்கு அனுப்பிவிட்டு, அன்று மாலை தன்னிடம் என்ன சொன்னார்கள் என்று திரும்பப் பார்க்க நினைக்கிற ஒரு தகப்பனைவிட அதைப் பார்க்க அதிகத் தகுதி உள்ள பேராசிரியர் யார்?

வாண்டர்பில்ட் அட்டவணையில் தேதியை வைத்துத் தேடலாம். நிருபரின் பெயரை வைத்தும், பேசின ஜெனரலின் பெயரை வைத்தும், ஜனாதிபதியின் பெயரை வைத்தும் தேடலாம். செய்தியில் யாருக்குப் பெயர் சொன்னார்களோ அவர்களுக்குத்தான் அட்டவணையிலும் பெயர். கிராமத்தார், அகதிகள், காயம்பட்டவர்கள் எல்லாம் ஊர்ப் பெயருக்குக் கீழே இருக்கிறார்கள். அவர்களில் ஒருவருடைய பேத்தி என்றைக்காவது தேடிக்கொண்டு வந்தால், ஒவ்வொரு டேப்பாகப் போட்டுப் பார்த்துத்தான் ஆகவேண்டும்.